மெயின் ரோட்டைப் பார்த்து நின்ற கார்கள்

சைரன்காரர் வீட்டுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றும் அழகை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். வாசற்படிக்கு வந்ததும் நிற்பார். திரும்பித் தெருவைப் பார்ப்பார். அப்படியே பின்பக்கமாகக் காலை உருவிக்கொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி உள்ளே நுழைவார். செருப்பு இரண்டும் அடுத்த நொடியே கிளம்பத் தயாராக, தெருவைப் பார்த்தபடி கிடக்கும். கல்யாணமான புதிதில் அவர் மனைவி, யாரோ இவரைத் துரத்திக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்து நடுங்கிப்போயிருக்கிறாள். இருபத்தெட்டு வருடத்தில் அவளுக்குப் பழகிவிட்டது. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள்தான் வாயைப் பிளப்பார்கள்.

இருபத்தொன்பது வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். சைரன்காரர் என்று கேட்டால்தான் தபால்காரருக்கே வீடு தெரியும். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. ஓய்வு உடம்புக்குத்தான், பழக்கத்துக்கு இல்லை. ராத்திரி படுக்கும்போது சட்டை கை எட்டும் தூரத்தில் தொங்க வேண்டும், கார் சாவி சட்டைப்பையில் இருக்க வேண்டும், கார் மெயின் ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மனைவியிடம் மட்டும், அதுவும் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நெஞ்சுவலிக்காரர் ஒருவரைக் கொண்டுவரப் போனபோது, குறுகலான ஒரு சந்துக்குள் வண்டியை நேராக நுழைத்து நிறுத்திவிட்டார். ஆளை ஏற்றிய பிறகு பார்த்தால் திருப்ப இடமில்லை. சந்து முழுக்க சைக்கிள்கள், தண்ணீர்த் தொட்டிகள், யாரோ போட்டுவைத்த கட்டில். கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துப் பின்னாலேயே வந்தார். நான்கு நிமிடம் ஆனது. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் போயிருக்கு, கொஞ்சம் முன்னாடி..." என்று ஆரம்பித்தவர், டிரைவரின் முகத்தைப் பார்த்ததும் வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிட்டார். முழுக்கத் திட்டித் தீர்த்திருந்தால்கூட இவர் மறந்திருப்பார். டாக்டர் விழுங்கிய அந்தப் பாதிதான் அவர் கூடவே வந்தது.

அன்றிலிருந்து எந்த வண்டியை எங்கே நிறுத்தினாலும் அதன் முகம் வெளியே போகும் வழியைப் பார்த்துத்தான் இருக்கும். அதற்கப்புறம் ஒரு நிமிடம்கூட அவரால் வீணானதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. கர்வப்பட உரிமையும் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

இனி அந்தத் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே வரும் தெரு அது. உள்ளே வந்தால் மறுமுனையில் தண்ணீர் பம்ப் ஹவுஸ். அதற்கு மேல் வழி கிடையாது. ஆனால் பம்ப் ஹவுஸ் முன்னால் லாரியே திரும்பும் அளவுக்கு இடம் உண்டு. தெருவுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் ஒரு கிடங்கின் நீளமான மதில். மதில் முடிந்ததும் வீடுகள் ஆரம்பிக்கும். முதல் வீடு சைரன்காரரின் மச்சினனுடையது, அதாவது மனைவியின் தம்பி வீடு. இரண்டாவது வீடு இவருடையது. வண்டிகள் இடது பக்கம் போகும் ஊர் என்பதால், உள்ளே வருகிறவன் தன் இடது பக்கம் அப்படியே நிறுத்தினால் கார் பம்ப் ஹவுஸைப் பார்த்து நிற்கும். அதுதான் முறை. சைரன்காரருக்கு அது ஆகாது. உள்ளே போய், பம்ப் ஹவுஸ் முன்னால் திருப்பி, மறுபடி வந்து, தெருவைக் குறுக்கே கடந்து, தன் வீட்டு மதிலோரம் மெயின் ரோட்டைப் பார்த்து நிறுத்துவார். உள்ளே வருகிற வண்டிகளுக்கு எதிர்முகமாக. சோம்பேறித்தனத்தில் தப்பாக நிறுத்துகிறவர்கள் உண்டு. இவர் மெனக்கெட்டுத் தப்பாக நிறுத்தினார்.

முதலில் அது அவருடைய கிறுக்காக மட்டுமே இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் விடியற்காலையில் மச்சினன் மகளுக்குக் காய்ச்சலில் இழுப்பு வந்தது. அப்போது அவளுக்கு மூன்று வயது. மச்சினனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சைரன்காரர் செருப்புக்குள் காலை விட்டார், குழந்தையைக் காரில் ஏற்றினார், போய்விட்டார். குழந்தை பிழைத்துக்கொண்டது. "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அவ்வளவுதான், மறுநாள் ராத்திரியிலிருந்து மச்சினன் காரும் மெயின் ரோட்டைப் பார்த்து நின்றது. ஒரு மாதத்தில் இடது பக்கத்து ஏழு வீட்டுக் கார்களும் நின்றன. யாராவது மறந்து முறைப்படி நிறுத்தினால் சைரன்காரர் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போவார். ஒருமுறை போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் வந்து, ராத்திரியில் இப்படி நிறுத்தக் கூடாது என்று எல்லாக் கண்ணாடியிலும் சீட்டு ஒட்டினார். சைரன்காரர் அவரை உட்காரவைத்து, காபி கொடுத்து, இருபத்தொன்பது வருட அனுபவத்தையும் எடுத்துவிட்டார். போலீஸ்காரர் ஒட்டிய சீட்டுகளைத் தானே கிழித்துக்கொண்டு போனார். தெருவே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அந்தத் தெருவின் கடைசி வீட்டு மாடியறையில் ஒரு நர்ஸ் குடியிருந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் இல்லை. வீடு வீடாகப் போய் ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கவனிப்பது அவள் வேலை. ஒரு நாளைக்குப் பத்துப் பதினோரு வீடு. ஸ்கூட்டர் இல்லாவிட்டால் வேலை இல்லை. தனியாள். காலையில் போகும்போது சைரன்காரர் வீட்டு முன்னால் ஒரு தடவை ஹாரன் அடிப்பாள். அது வணக்கம். அவரும் உள்ளேயிருந்தே கையைத் தூக்குவார்.

தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு ராத்திரி, பதினோரு மணிக்கு மேல், வெளியே டமார் என்று சத்தம் கேட்டது. சைரன்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினார். மச்சினனின் காருக்கு முன்னால் நர்ஸ் விழுந்து கிடந்தாள். ஸ்கூட்டர் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. மதிலோரத் தெருவிளக்கு எரியாமல் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. தன் கை தனக்கே தெரியாத இருட்டு.

"வெளிச்சம் வேணும் மாப்ளே! காரைத் திறந்து லைட்டைப் போடு!" என்று கத்தினார். மச்சினன் ஓடிவந்து காரைத் திறந்து விளக்கைப் போட்டான். முன் விளக்குகளில் ஒன்று நொறுங்கிப்போயிருந்தது. இன்னொன்று எரிந்தது. அந்த ஒற்றை விளக்கின் வெளிச்சத்தில்தான் சைரன்காரர் அவள் மூச்சைப் பார்த்தார், கழுத்தை அசையாமல் பிடித்துக்கொண்டார், நெற்றியிலிருந்து வழிந்த ரத்தத்தை அழுத்தி நிறுத்தினார். அவள் ஒரு தடவை கண்ணைத் திறந்து மூடினாள். ஆம்புலன்ஸ் வந்து தெருவுக்குள் திரும்பியதும் அதன் டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, "யாருப்பா அது, லைட்டை அணைங்க, கண்ணு கூசுது, ஒண்ணும் தெரியல!" என்று சத்தம் போட்டான். மச்சினன் விளக்கை அணைத்தான். சைரன்காரர் ஆம்புலன்ஸிலேயே ஏறிப் போனார்.

தோள்பட்டை எலும்பும் வலது மணிக்கட்டும் முறிந்திருந்தன, உயிருக்கு ஆபத்தில்லை. விடிந்த பிறகுதான் அவர் திரும்பி வந்தார். தெருவுக்குள் நுழைந்ததுமே கால் நின்றுவிட்டது. மச்சினனின் கார் அதே இடத்தில்தான் நின்றது, ஆனால் பம்ப் ஹவுஸைப் பார்த்து நின்றது. முறைப்படி.

மச்சினன் கண்ணாடிக்கடை வைத்திருப்பவன். வருகிறவர்களை உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பான். இவரைப் பார்த்ததும் அவன் கண் மட்டும் தரையைப் பார்த்தது.

"வழியை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு அத்தான். அதான் திருப்பி விட்டேன்."

"எது அடைச்சுது?"

"ஸ்கூட்டர், கண்ணாடித்தூள் எல்லாம்... சுத்தம் பண்ணினோம். ஸ்கூட்டரை மதில்மேல சாய்ச்சு வெச்சிருக்கோம்."

இதற்குள் போலீஸ் வந்துவிட்டது. காரைப் பார்த்தார்கள், கார் பம்ப் ஹவுஸைப் பார்த்து நின்றது, அடி முன்பக்கத்தில் பட்டிருந்தது. உள்ளே வருகிறவள் மோதியிருந்தால் பின்பக்கத்தில் அல்லவா பட்டிருக்க வேண்டும்? அப்படியானால் அவள் தெருவின் உள்பக்கமிருந்து, எதிர்ப்பக்கமாக, தப்பான திசையில் வந்து மோதியிருக்கிறாள். கணக்கு சுத்தமாக வந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனவள் மறுபடி எதற்கோ வெளியே கிளம்பியிருக்கிறாள் என்று எழுதிக்கொண்டார்கள். எழுதுகிறவர் சைரன்காரரிடமும் கேட்டார்.

"கார் எந்தப் பக்கம் பார்த்து நின்னுச்சு, பார்த்தீங்களா?"

சைரன்காரர் மச்சினனைப் பார்த்தார். வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார். பிறகு, "நான் அந்தப் பொண்ணைத்தான் பார்த்தேன்" என்றார்.

பொய் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு கேவலமாக இருந்தது. அந்தத் தெருவில் மற்றவர்களும் பொய் சொல்லவில்லை. தூங்கிக்கொண்டிருந்தோம், சத்தம் கேட்டு வந்தோம், இருட்டு, கவனிக்கவில்லை. ஏழு வீட்டுக் கார்களும் ராத்திரியோடு ராத்திரியாக முறைப்படி திரும்பி நின்றதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை. சைரன்காரரின் காரையும் யாரோ திருப்பியிருந்தார்கள். சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. இன்னொரு சாவி வீட்டில், மனைவியிடம் இருந்தது. அவர் அதைப் பற்றி அவளிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து நர்ஸ் மாடியறைக்குத் திரும்பினாள். சைரன்காரர் பழம் வாங்கிக்கொண்டு போனார். கையில் மாவுக்கட்டு, தோளில் பட்டை, கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் ஒரு கடிதம் பிரித்துக் கிடந்தது. தப்பான திசையில் ஓட்டி விபத்து ஏற்படுத்தியதற்காக அவளுடைய லைசன்ஸை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று போக்குவரத்து அலுவலகத்தில் விசாரணை. இன்ன தேதிக்கு வரவும்.

"லைசன்ஸ் போச்சுன்னா வேலையும் போச்சு அங்கிள். நடந்து போய்ப் பதினோரு வீடு பார்க்க முடியுமா?" என்றாள். அழவில்லை. ஊசி போடுகிறவர்கள் பேசுகிற அதே சாதாரணக் குரலில்தான் சொன்னாள். "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லை. கண்ணைத் திறந்தப்ப எதிர்ல ஒரே ஒரு விளக்கு. அதைச் சொன்னேன். எதிர்ல வந்த ஏதோ பைக் விளக்கா இருக்கும், அதைப் பார்த்துத் தடுமாறியிருப்பேன்னு போலீஸ்ல சொல்றாங்க."

"நீ வீட்டுக்குத்தானே வந்துக்கிட்டு இருந்தே?"

"அப்படித்தான் நினைக்கிறேன். ஆனா எல்லாரும் சொல்றதைப் பார்த்தா நான்தான் தப்பா வந்துட்டேனோ என்னவோ. தலையில அடி பட்டிருக்கில்ல." இடது கையால் கடிதத்தைத் தள்ளிவைத்தாள். "நீங்க அன்னைக்கு வரலைன்னா என்ன ஆகியிருக்குமோ. ரொம்ப நன்றி அங்கிள்."

சைரன்காரர் மாடிப்படி இறங்கி வந்தார். அவளுடைய கண்ணையே அவளை நம்பவிடாமல் செய்துவிட்டோமே என்று நினைத்தார். நேராக மச்சினன் வீட்டுக்குப் போனார்.

"மாப்ளே, நீயே போய்ச் சொல்லிடு. பயத்துல திருப்பிட்டேன்னு சொல்லு. கழுத்தையா வெட்டிடுவாங்க?"

"என்னத்தைச் சொல்றது அத்தான்? தப்பா நிறுத்தினது நானு, இடிச்சது என் கார்ல. அந்தப் பொண்ணு நாளைக்கே கேஸ் போட்டா? கடையை மூடிட்டுக் கோர்ட்டுக்கு அலையறதா?"

"அவ வேலையே போகுதுடா."

மச்சினன் அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "நானா அப்படி நிறுத்தணும்னு ஆசைப்பட்டேன்? பன்னெண்டு வருஷமா நீங்க சொன்ன மாதிரிதானே நிறுத்தினேன்? ஒருநாள் மாத்தி நிறுத்தினா கதவைத் தட்டுவீங்களே. இப்ப மாட்டினதும் நான் மட்டும் போய் நிக்கணுமா?"

அவன் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. சைரன்காரர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி அதைப் பார்த்துத்தான் பயந்தாள்.

அப்போதும் அவர் மனதின் ஒரு மூலையில் ஒரு பிடிவாதம் முரண்டிக்கொண்டிருந்தது. கார் எந்தப் பக்கம் பார்த்து நின்றால் என்ன, நிற்கிற கார் நிற்கிற கார்தானே? கவனித்து வந்தால் தெரியாதா? இதைத் தீர்த்துக்கொள்ளாமல் அவரால் சோறு தின்ன முடியவில்லை. மறுபடி தூறல் விழுந்த ஒரு ராத்திரி மனைவியை எழுப்பினார்.

"உன் ஸ்கூட்டர் சாவியை எடு."

"மணி என்னங்க ஆகுது? பைத்தியமா உங்களுக்கு?"

"பைத்தியம் தெளியறதுக்குத்தான் கூப்பிடறேன்."

மச்சினனின் கார் பட்டறையில் இருந்ததால் மதில் முடிந்ததும் நிற்கும் முதல் கார் இப்போது இவருடையதுதான். அதைத் திருப்பி, பழையபடி மெயின் ரோட்டைப் பார்த்து நிறுத்தினார். மனைவி ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டே ஸ்கூட்டரை மெயின் ரோடு முனைக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து அவள் சாதாரணமாக ஓட்டி வர வேண்டும். கார் கண்ணில் பட்டதும் ஹாரன் அடிக்க வேண்டும். இவர் காருக்குப் பக்கத்தில் டார்ச்சை அணைத்துப் பிடித்தபடி நின்றார்.

அவள் வந்தாள். மதிலோரமாக வந்துகொண்டே இருந்தாள். ஹாரன் வரவில்லை. இவர் டார்ச்சைப் போட்டு ஆட்டிக்கொண்டு, "நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினார். பிரேக் கிறீச்சிட்டு, காருக்கு ஒரு கை தூரத்தில் ஸ்கூட்டர் நின்றது. கார் அங்கே நிற்கிறது என்று தெரிந்தே வந்தவள் அவள்.

"தெரியலைங்க" என்றாள். "கறுப்பா ரோடு மாதிரியே இருந்துச்சு. நிஜமா தெரியலை."

காரை முறைப்படி திருப்பி நிறுத்திவிட்டு இரண்டாவது முறை ஓட்டச் சொன்னார். இந்தத் தடவை அவள் மெயின் ரோட்டிலிருந்து திரும்பிய உடனேயே ஹாரன் அடித்துவிட்டாள். காரின் பின்பக்கத்தில் பதித்திருக்கிற இரண்டு சிவப்புப் பிரதிபலிப்பான்களும் ஸ்கூட்டர் வெளிச்சம் பட்டதுமே அங்கேயிருந்தே சிவப்பாக மின்னின. அவை கார் செய்கிறவன் இதற்காகவே பின்னால் வைத்தவை. முன்னால் அவை இல்லை. ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் உச்சியில் விளக்கு சுழன்றுகொண்டிருக்கும்; ஒரு மைல் தூரத்துக்குத் தெரியும். விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குகிற காருக்கு முதுகில் மட்டும்தான் கண். இருபத்தொன்பது வருடம் வண்டி ஓட்டியவருக்கு இது தெரியாமல் இல்லை. தன் காருக்கு இது பொருந்தும் என்று மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை.

மனைவி ரெயின்கோட்டைக் கழற்றாமலேயே திண்டாடிக்கொண்டு நின்றாள். மச்சினன் அவள் தூக்கி வளர்த்த தம்பி. கடைசியில், "விசாரணை என்னைக்கு?" என்று கேட்டாள்.

"வியாழக்கிழமை."

"வெள்ளைச் சட்டையைத் தேய்ச்சு வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றிரவு அவள் அழுததை அவர் கேட்டார்; கேட்காத மாதிரி படுத்திருந்தார்.

வியாழக்கிழமை போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு சின்ன அறை. மேஜைக்குப் பின்னால் அதிகாரி, இந்தப் பக்கம் நர்ஸ், மச்சினன், சுவரோரம் சைரன்காரர். கூப்பிடாமலேயே அவர் எழுந்து முன்னால் போனார்.

"கார் மெயின் ரோட்டைப் பார்த்து நின்னுச்சு சார். தப்பான பக்கம். இந்தப் பொண்ணு சரியாத்தான் வந்தா."

அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். "நீங்க பார்க்கலைன்னு எழுதியிருக்கே?"

"பொண்ணைத்தான் பார்த்தேன்னு சொன்னேன். காரைப் பார்க்கலைன்னு சொல்லலை. அது என் திருட்டுத்தனம். அவளுக்கு முதலுதவி பண்ண எனக்கு வெளிச்சம் வேணும்னு, அதே காரோட லைட்டைப் போடச் சொன்னேன். ஒரு விளக்கு உடைஞ்சிருந்துச்சு, ஒண்ணு எரிஞ்சுது. இவ பார்த்த ஒத்தை விளக்கு அதுதான். ஆம்புலன்ஸ் வந்தப்ப அதோட டிரைவர் கண்ணு கூசுது, லைட்டை அணைங்கன்னு சத்தம் போட்டான். எங்க தெருவுக்கு ஒரே வழிதான் சார், மெயின் ரோடு. அங்கேயிருந்து வர்றவன் கண்ணு கூசணும்னா கார் எந்தப் பக்கம் பார்த்து நின்னிருக்கணும்? அந்த டிரைவரைக் கூப்பிட்டுக் கேளுங்க. ஞாபகம் இருக்கும்."

அதிகாரி மச்சினனைப் பார்த்தார். மச்சினன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மாட்டினான், மறுபடி கழற்றினான். "திருப்பினது நான்தான்" என்றான். அந்த விளக்கை அன்றைக்குப் போட்டதும் அவன்தான். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன்.

"இப்படி நிறுத்தச் சொன்னது நான்" என்றார் சைரன்காரர். "தெரு முழுக்க நான் சொல்லிக் கொடுத்தது. அதையும் எழுதிக்குங்க. எனக்கும் ஒரு சீட்டு எழுதுங்க."

"சொல்லிக் கொடுத்ததுக்கெல்லாம் சீட்டு எழுத முடியாது பெரியவரே. இன்னைக்கு ராத்திரி அப்படி நிறுத்தினீங்கன்னா சொல்லுங்க, வந்து எழுதறேன்."

"நிறுத்த மாட்டேன்" என்றார்.

ஒரு வாரத்தில் ஆம்புலன்ஸ் டிரைவரும் வந்து சொல்லிவிட்டுப் போனான். லைசன்ஸ் அவளிடமே இருந்தது. ஆனால் விசாரணை நடந்த அன்று அந்த அலுவலகத்தின் படிக்கட்டில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. நர்ஸ் அவரை நிறுத்தினாள்.

"பழம் வாங்கிக்கிட்டு வந்தீங்களே அங்கிள், அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் நன்றி சொன்னேன்."

"ஆமா."

அவள் பையைத் தோளில் மாட்ட ஒரு கையால் திண்டாடினாள். அவர் உதவக் கை நீட்டியபோது நகர்ந்துகொண்டு, படி இறங்கிப் போய்விட்டாள். அவருக்கு அது வலித்தது. வலிக்க வேண்டியதுதான் என்றும் தெரிந்திருந்தது.

அன்றிரவு காரைத் தெருவுக்குள் கொண்டுவந்தார். கை தானாகவே பம்ப் ஹவுஸ் வரைக்கும் போகப் பார்த்தது. பிடித்து நிறுத்தி, வந்த திசையிலேயே வீட்டோரம் நிறுத்தினார். படுத்தவருக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காரைக் கிளப்பினார். பம்ப் ஹவுஸ் முன்னால் திருப்பினார். தன் வீட்டைக் கடந்து மெயின் ரோடு முனைக்கு வந்து மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். நேராகக் கிளம்பியிருந்தால் ஆகியிருக்கும் நேரத்தைவிட நாற்பது விநாடி கூடுதல். மறுபடி செய்து பார்த்தார். முப்பத்தெட்டு. நான்கு நிமிடம் ஆனது வேறு சந்தில், வேறு ராத்திரியில். இந்தத் தெருவில் அவர் அத்தனை வருடமும் காத்துவந்தது நாற்பது விநாடியை. மெயின் ரோடு முனையில் காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெட்கமாக இருந்தது, அதோடு எதையோ கீழே இறக்கிவைத்த மாதிரியும் இருந்தது.

மச்சினன் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அக்காவிடம் மட்டும் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவான். கார் பட்டறையிலிருந்து வந்தது, முறைப்படி நின்றது. ஏழு கார்களும் அப்படியே நின்றன. இப்போது யாரும் யார் கதவையும் தட்ட வேண்டியிருக்கவில்லை. தெருவிளக்கை மட்டும் இன்னும் யாரும் வந்து மாற்றவில்லை.

மூன்று மாதம் கழித்து நர்ஸ் மறுபடி ஸ்கூட்டரில் போக ஆரம்பித்தாள். காலையில் அவர் வீட்டைக் கடக்கும்போது ஹாரன் அடிப்பதில்லை. அவர் உள்ளே கையைத் தூக்கத் தயாராக உட்கார்ந்திருப்பார், ஸ்கூட்டர் போய்விடும். மனைவி பார்த்தும் பார்க்காத மாதிரி காபியைக் கொண்டுவந்து வைப்பாள்.

பிறகு நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. தெரு முழுக்கச் சேறு. ராத்திரி பத்தரை மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டு அவர் ஜன்னலுக்குப் போனார். இப்போதெல்லாம் அவள் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர் படுப்பது. ஸ்கூட்டர் மெதுவாக வந்து அவர் காருக்குப் பின்னால் நின்றது. அவள் இறங்கினாள். குனிந்து எதையோ பார்த்தாள். பையிலிருந்து துணியை எடுத்து, காரின் பின்பக்கம், தெருப் பக்கமாக இருந்த சிவப்புப் பிரதிபலிப்பானின் மேல் அப்பியிருந்த சேற்றை அழுத்தித் துடைத்தாள். ஸ்கூட்டர் வெளிச்சத்தில் அது சிவந்தது. துணியைப் பையில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்க்காமலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

சைரன்காரர் கதவைத் திறந்தார். இருட்டில் செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு சேற்றில் இறங்கி, காருக்குப் பின்னால் போய், மதில் பக்கம் இருந்த இன்னொன்றைத் தன் சட்டையாலேயே துடைத்தார்.